ஸ்கைலாபுக்கு அறுத்த கிடாய்

பெர்த், ஆஸ்திரேலியா
10 மார்ச் 2024

மதிப்புக்குரிய ஒச்சாயி மதினிக்கு,

கனகலட்சுமி எழுதுகிறேன். உடம்பு எப்படி இருக்கிறது? முழங்காலுக்கு அழகுபாண்டி தைலம் வாங்கித் தருகிறானா? நான் இங்கே மகன் சிவக்குமார் வீட்டில் குறையில்லாமல் இருக்கிறேன். என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்திருந்தீர்கள் என்றால், அதற்கே நன்றி.

நீங்கள் என்னோடு பேசி நாற்பத்தைந்து வருடம் ஆகப்போகிறது. கல்யாணம் காதுகுத்தில் என்னைப் பார்த்தால் சுவரைப் பார்த்து, "வந்தவுகளச் சாப்பிடச் சொல்லு" என்பீர்கள். சுவர் என்னிடம் சொல்லும். அண்ணன் இறந்த அன்றைக்கு அந்தச் சுவரும் இல்லை. பந்தலில் வந்த பெண்கள் எல்லோரையும் கட்டிக்கொண்டு, தலையோடு தலை சேர்த்து அழுதீர்கள். என் முறை வந்ததும் எழுந்து உள்ளே போய்விட்டீர்கள். குறையாகச் சொல்லவில்லை. நினைவு வந்தது, எழுதினேன்.

எழுதக் காரணம் வேறு. போன வாரம் சிவக்குமார் எங்களைக் காரில் எஸ்பரன்ஸ் என்ற கடற்கரை ஊருக்குக் கூட்டிப்போனான். பகல் முழுக்கப் பயணம். நம் கண்மாய் வற்றினால் எப்படிக் கிடக்கும், அப்படி ஒரு வெட்டவெளி, வானம் தரையில் வந்து உட்கார்ந்த மாதிரி. அந்த ஊர் அருங்காட்சியகத்தில் ஒரு பெரிய தொட்டியும் உருகி நெளிந்த தகடுகளும் வைத்திருக்கிறார்கள். பேத்தி அஸ்வினி பலகையைப் படித்துவிட்டு, "அப்பத்தா, இது ஸ்கைலாப்" என்றாள்.

அதேதான் மதினி. நம் கிடாயை அறுக்க வைத்த அதே ஸ்கைலாப். அமெரிக்காக்காரன் வானத்தில் கட்டிய முதல் வீடாம். மூன்று தடவை ஆட்கள் போய்க் குடியிருந்துவிட்டு, கடைசியில் பூட்டிவிட்டு வந்துவிட்டார்கள். அதற்கப்புறம் ஐந்து வருடத்துக்கு மேல் ஆளில்லாத வீடாகச் சுற்றிச் சுற்றி, இந்தப் பக்கத்தில் வந்து உதிர்ந்திருக்கிறது. ஒரு ஆள் மேலும் படவில்லை. "எங்கள் மண்ணில் குப்பை போட்டாய்" என்று இந்த ஊர் நிர்வாகம் அமெரிக்காவுக்கு அபராதச் சீட்டு எழுதியதாம், பாதி விளையாட்டாக. அவர்கள் கட்டவேயில்லை. முப்பது வருடம் கழித்து வேறு யாரோ அவர்களுக்காகக் கட்டினார்களாம்.

கையகலத் தகடு ஒன்றின் முன்னால் வெகுநேரம் நின்றேன். நம் தெரு முழுக்க அண்ணாந்து பார்த்தது இதைத்தானா? அது பாட்டுக்குத் தூங்குகிற குழந்தை மாதிரிக் கிடந்தது. இதை உங்களைத் தவிர யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
கனகலட்சுமி


செக்கானூரணி
21 ஏப்ரல் 2024

கருப்பு துணை.

கனகலட்சுமிக்கு, பேயாண்டி சம்சாரம் ஒச்சாயி எழுதிக்கொள்வது. நான் இருக்கிறேன். முழங்கால்தான் முந்திப் போய்ச் சேர்ந்துவிட்டது. நீயும் உன் மகனும் பேத்தியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

எனக்கு எழுதத் தெரியும் என்று உனக்கு யார் சொன்னது? அறிவொளி வகுப்பில் தெருவிளக்கடியில் உட்கார்ந்து கற்றுக்கொண்டது. எழுத்து கோணலாக இருந்தாலும் படித்துக்கொள்.

உன் கடுதாசி வந்ததும் பூசாரி சோணையிடம் போனேன். "பதில் போடலாமாப்பா?" என்றேன். "வாய் தொறந்து பேச மாட்டேன்னுதான ஆத்தா சூடத்த அணைச்ச? கையப் பத்தி ஒண்ணும் சொல்லலையே. எழுத்து பேச்சாகாது. எழுது" என்றான். அதனால் எழுதுகிறேன். நான் பேசியதாக நினைத்துக்கொள்ளாதே.

நீ தகட்டைப் பார்த்தாய். நான் கிடாயைப் பார்த்தவள். ஆறு வருடம் பிள்ளையில்லை என்று கருப்புக்கு நேர்ந்துவிட்ட கிடாய். இடது காதில் வெள்ளைப் புள்ளி. என் கையால் அகத்தி தின்று வளர்ந்தது. நான் குனிந்தால் ஓடிவந்து நெற்றியை என் நெற்றியில் வைத்து முட்டும். மாசித் திருவிழாவில் அறுக்க வேண்டியது. ஆனி மாதம் என் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று ஊருக்குப் போயிருந்தேன். நீ இங்கே பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நின்று, புதன்கிழமை வானத்திலிருந்து வீடு விழப்போகிறது என்று படித்தாய். தெருவில் படிக்கத் தெரிந்தவள் நீ ஒருத்திதான். உன் வாயிலிருந்து வந்தால் அது அச்சு.

செத்தால் புருஷன் பக்கத்தில் சாவோம் என்று அன்றைக்கு நடந்தே வந்தேன். தெரு வாயில் கால் வைக்கும்போதே கறி வாசம். கோழி, ஆடு எல்லாம் போயிருந்தது. நம் வாசலில் இலை போட்டிருந்தது. நீ ஓடிவந்து, "மதினி, ஒங்களுக்குன்னு ஈரல எடுத்து வச்சிருக்கேன்" என்றாய். எல்லாவற்றையும் மறந்தாலும் அந்தக் கிண்ணத்தை மறக்க மாட்டேன். ஓரம் நசுங்கிய பித்தளைக் கிண்ணம்.

வானம் விழவில்லை. மறுநாள் காலையில் தெருவே வெட்கப்பட்டுக்கொண்டு வாசல் தெளித்தது. நான் கோயிலுக்குப் போய்ச் சூடத்தை அணைத்தேன்.

பிறகு அழகுபாண்டி பிறந்தான். கருப்புக்குப் பெரிய மனது. எனக்கு அப்படி இல்லை.

அமெரிக்காவுக்குத் தெண்டம் போட்ட ஊர் நல்ல ஊர். நம் கிடாய்க்குத் தெண்டம் கட்டியது யார்?

ஒச்சாயி


பெர்த்
2 ஜூன் 2024

அன்புள்ள மதினிக்கு,

நீங்களும் அழகுபாண்டி குடும்பமும் நலமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். உங்கள் எழுத்து கோணல் இல்லை. எறும்பு வரிசை மாதிரி அழகாக இருக்கிறது. மூன்று தடவை படித்தேன்.

அந்தக் கிண்ணம் என்னிடம் இருக்கிறது. சொல்ல வேண்டாம் என்றிருந்தேன்.

அந்தச் சாயங்காலம் எனக்குப் பயமே இல்லை மதினி. இதை யாரிடமும் சொன்னதில்லை. தெருக்காரர்கள் எல்லோரும் பெட்டியில் மடித்து வைத்திருந்த துணியை எடுத்து உடுத்திக்கொண்டார்கள். சண்டை போட்ட பங்காளிகள் ஒரே இலையில் கை வைத்தார்கள். "ஏத்தா கனகம், விழுந்தா வலிக்குமா?" என்று ஒரு கிழவி என் தாடையைப் பிடித்துக் கேட்டாள். "வலிக்காது பாட்டி, பூ விழுந்த மாதிரி இருக்கும்" என்றேன். எங்கிருந்து அந்த வார்த்தை வந்ததோ! மேற்கே மலைக்கு மேல் வானம் மஞ்சளாக இருந்தது. எல்லோரும் ஒன்றாகப் போகப்போகிறோம் என்பதில் ஒரு நிம்மதி. தெரு வாயில் நீங்கள் தெரிந்ததும், மதினியும் வந்துவிட்டாள், இனி விழட்டும் என்று நினைத்தேன்.

அஸ்வினி ராக்கெட் கதையெல்லாம் படிக்கிறாள். ரஷ்யாக்காரர்கள் முதன்முதலில் லைக்கா என்ற தெருநாயைச் சுற்றுப்பாதைக்கு அனுப்பினார்களாம். திரும்பிவர வழி வைக்கவில்லை. போவதற்கு முந்தின நாள் அதிகாரி ஒருவர் அதைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பிள்ளைகளோடு விளையாட விட்டாராம். இன்னொரு படமும் காட்டினாள். தும்பாவில் நம் ஆட்கள் ராக்கெட்டின் மூக்கைச் சைக்கிள் கேரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். அதை உங்களுக்கு அச்செடுத்து அனுப்பியிருக்கிறேன்.

இங்கே மழைக்காலம் தொடங்கிவிட்டது. இந்த ஊர் மழை ஓசையில்லாமல் பெய்கிறது. ஜன்னலைப் பார்த்தால்தான் தெரிகிறது.

மதினி, போனில் ஒரே ஒரு தடவை பேசுவீர்களா? திட்டினால்கூடப் போதும். முடிந்தால் சீக்கிரம்.

உங்கள்,
கனகம்


செக்கானூரணி
4 ஆகஸ்ட் 2024

கருப்பு துணை.

கனகத்துக்கு ஒச்சாயி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். உங்கள் ஊர்க் குளிர் உன் நெஞ்சுக்கு ஆகாது. சின்னப் பிள்ளையிலேயே உனக்கு இழுக்கும். துளசியும் மிளகும் போட்டுக் குடி.

பேச மாட்டேன். சூடம் அணைத்தது விளையாட்டுக்கு இல்லை. அப்படியென்ன அவசரம் உனக்கு?

நாய்க் கதையைப் படித்துவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த நாயை எந்தச் சாமிக்கு நேர்ந்துவிட்டார்கள்? முந்தின நாள் கூட்டிப்போய் விளையாட விட்டவன் மட்டும் மனுஷன். வெட்டப்போகிற கிடாய்க்கு மாலை போடும்போது அதன் கண்ணைப் பார்க்க மாட்டோமே, அவனும் அந்த நாயின் கண்ணைப் பார்த்திருக்க மாட்டான்.

சைக்கிள் படத்தை அழகுபாண்டிக்குக் காட்டினேன். "எம்மா, இதுலயா நிலாவுக்குப் போனாய்ங்க?" என்று கேட்டான். "பஞ்சர் ஆகாம போயிருக்காய்ங்கடா, நீ உசிலம்பட்டிக்குப் போறப்ப எத்தன பஞ்சரு?" என்றேன். படம் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. பவுடர் பூசுகிறவர்கள் எல்லாம் ராக்கெட்டைப் பார்த்துக்கொண்டுதான் பூசுகிறார்கள்.

உன் அண்ணனும் அந்த நாயைக் கூட்டிப்போனவன் மாதிரித்தான். அறுத்த மறுநாளிலிருந்து சாகிற வரைக்கும் ஆட்டுக்கறி தொடவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அறுவாள் யார் கையில் இருந்தது என்று எனக்குத் தெரியாதா? ஒரே வீட்டில் படுத்து எழுந்திருக்கிறவரோடு பேசாமல் இருக்க முடியுமா? அதனால்தான் கோபம் முழுவதையும் உன் பக்கம் தள்ளினேன். நீ இன்னொரு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போகிறவள், தாங்கிக்கொள்வாய் என்று.

கொல்லையில் ஒரு கருப்புக் குட்டி நிற்கிறது. ஒத்தக்கடைச் சந்தையில் வாங்கியது. கொம்பு இப்போதுதான் மொட்டுவிடுகிறது. எதற்கு என்று கேட்காதே, அது என் காரியம்.

ஒச்சாயி


பெர்த்
15 செப்டம்பர் 2024

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் முழங்கால், உங்கள் குட்டி, இரண்டும் நன்றாக இருக்கிறதா? துளசி இங்கே கிடைக்கவில்லை. மிளகை மட்டும் போட்டுக் குடித்தேன். அண்ணனைப் பற்றி எழுதியிருந்த இடத்தில் நிறுத்திவிட்டு, கொஞ்சநேரம் தோட்டத்தில் போய் உட்கார்ந்திருந்தேன்.

போன் வேண்டாம் மதினி. நான் கேட்டதை மறந்துவிடுங்கள். எழுத்தே போதும், எழுத்துதான் இப்போது எனக்குத் தோது.

நேற்று தோட்டத்தில் இருந்தபோது சிவக்குமார் பின்னால் வந்து என் தோளைத் தொட்டான். தூக்கிவாரிப்போட்டது. ரொம்ப நேரமாகக் கூப்பிட்டானாம்.

அஸ்வினி சொல்கிறாள், நிலாவில் காற்றே கிடையாதாம். காற்று இல்லாததால் ஓசையும் கிடையாது. பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. முதலில் போனவர்கள் ரேடியோ வைத்துத்தான் பேசிக்கொண்டார்கள். "ரேடியோ கெட்டுப்போனா என்னடி பண்ணுவாக?" என்று கேட்டேன். "தலைக்கவசத்தோட தலைக்கவசத்த ஒட்ட வச்சுக்கிட்டுப் பேசணும் அப்பத்தா. கண்ணாடி அதிர்ந்து சத்தம் போயிரும்" என்றாள். அதைக் கேட்டதிலிருந்து அடிக்கடி ஒரு கனவு. சாம்பல் நிற மண்ணில் நான் நடக்கிறேன். தூரத்தில் ஒரு ஆள் கை காட்டுகிறது. யார் என்று தெரியவில்லை. கண்டாங்கிச் சேலை மட்டும் தெரிகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கனகம்


செக்கானூரணி
17 நவம்பர் 2024

கருப்பு துணை.

கனகம், உன் உடம்புக்கு என்ன? செப்டம்பரில் எழுதியதோடு சரி. தீபாவளிக்கு ஒரு வரி வரும் என்று தபால்காரன் வரும் நேரத்துக்கெல்லாம் வாசலில் நின்றேன். அவனே கேட்டுவிட்டான், "என்ன ஆத்தா, லவ் லெட்டரா?" என்று.

நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? எழுதியிருந்தாலும் இருக்கும். நான் அப்படித்தான் என்று உனக்குத் தெரியாதா?

குட்டி நன்றாக வளர்ந்துவிட்டது. கொம்பு விரல் நீளம். மாசித் திருவிழாவுக்குச் சரியாக இருக்கும். பூசாரி சொல்லிவிட்டான், வீட்டுத் தீனியில் வளர்ந்த கிடாயைக் கருப்புக்குக் கொடுத்தால்தான் அணைத்த சத்தியம் அறுபடுமாம். சொல்ல வேண்டாம் என்றிருந்தேன். சொல்லிவிட்டேன். மாசி வரைக்கும் பொறு.

ஒச்சாயி


செக்கானூரணி
20 ஜனவரி 2025

கருப்பு துணை.

அடியே கனகம், நலமா என்று நான் கேட்கப்போவதில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது.

பொங்கலன்று சிவக்குமார் அழகுபாண்டிக்கு வாழ்த்துச் சொல்லப் போன் போட்டான். நான் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். "அத்தைக்கு அம்மா ஒண்ணும் எழுதலையா மாப்ள? அவுகளுக்குக் காது போயிட்டே இருக்கு. ஒரு வருஷமாக் கொறஞ்சு கொறஞ்சு, இப்ப கொஞ்சம்தான் கேக்குது. மிஷின் வச்சும் இரைச்சல்தான் வருதாம்" என்றான். பூண்டு முறம் கவிழ்ந்துவிட்டது.

மழை ஓசையில்லாமல் பெய்கிறது என்று எழுதினாயே பாவி. அந்த ஊர் மழையே அப்படித்தான் போல என்று நினைத்தேனே.

மாசிக்கு இன்னும் நாள் கிடந்தது. மறுநாளே கிடாயை ஓட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். "ஆத்தா, இன்னும் நேரமாகல. மாசியிலதான குடுக்கணும்?" என்று சோணை தடுத்தான். "நேரம் இருக்கறவுகளுக்குத்தான்டா மாசி. எனக்கு வானம் விழுது. அறு" என்றேன். சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து என்ன வந்தது என்று தெரிந்தது. அன்றைக்குத் தெரு சொன்ன அதே வார்த்தை.

தெருவுக்கே சோறு போட்டேன். எல்லோரும் தின்றார்கள். அவர்கள் தின்பதைப் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை. ஈரலை உனக்கென்று எடுத்து வைத்தேன். கிண்ணம் உன்னிடம் இருக்கிறதே, அதனால் ஒரு டம்ளரில். சாயங்காலம் வரைக்கும் அது மூடியபடியே இருந்தது. அழகுபாண்டி, "யாருக்கும்மா இது?" என்றான். பங்கு எடுத்து வைத்துவிட்டு ஆள் வராமல் உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சோணை திருநீறு பூசி, "இனிமே பேசு ஆத்தா" என்றான். பேரனைக் கூப்பிட்டு, போனில் உன் முகத்தை வரவழைக்கச் சொன்னேன். முகம் வந்தது. தலை வெளுத்துப்போயிருந்தது. கண் மட்டும் அதே கண். பேசினேன். அம்புட்டையும் பேசினேன். தெருவில் போனவர்கள் நின்று கேட்டார்கள். நீ சிரித்துக்கொண்டே இருந்தாய். நான் கேட்ட ஒரு கேள்விக்கும் பதில் சொல்லவில்லை.

கேட்டதா கனகம்? ஏதாவது கேட்டதா? அதை மட்டும் எழுது.

ஒச்சாயி


பெர்த்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள மதினிக்கு,

நான் நலம். உங்கள் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

கேட்கவில்லை. பொய் எழுத மனம் வரவில்லை. நவம்பரிலேயே ஏறக்குறைய முடிந்துவிட்டது. மாசி வரைக்கும் பொறு என்று நீங்கள் எழுதிய கடிதம் கைக்கு வந்தபோது, அதற்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல்தான் இருந்துவிட்டேன்.

ஆனால் பார்த்தேன் மதினி. உங்கள் உதடு அசைந்தது. மூக்குத்தி ஆடியது. முதலில் திட்டினீர்கள், அதற்கு விரலை நீட்டுவீர்கள். அப்புறம் கிடாயைப் பற்றி, அதற்கு நெஞ்சில் கை வைப்பீர்கள். கடைசியில் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டீர்கள். அதற்குப் பிறகு சொன்னது எதுவும் தெரியவில்லை. சத்தமில்லாத இடத்தில் யாரோ எனக்காகக் கை காட்டுகிற மாதிரி இருந்தது. அந்தக் கனவில் வந்தது யார் என்றும் தெரிந்துவிட்டது. கண்டாங்கிதான் உடுத்தியிருந்தீர்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். போன வாரம் டாக்டர் ஒரு இரும்புக் கவையைத் தட்டி என் காதருகில் பிடித்தார். ஒன்றுமில்லை. அதையே என் நெற்றியில் ஊன்றி வைத்தார். கோயில் மணி அடித்து ஓய்ந்த பிறகு ஒரு ரீங்காரம் வருமே, அது மண்டைக்குள் கேட்டது. எனக்குக் கெட்டது காதின் வெளிவாசல்தானாம், உள்வீடு நன்றாக இருக்கிறதாம். எலும்பு வழியாக வந்தால் இன்னும் கேட்குமாம். அஸ்வினி கைதட்டி, "நிலா மாதிரி அப்பத்தா! நிலா மாதிரி!" என்றாள். அதைக்கூட அவள் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

பங்குனிக் கடைசியில் சிவக்குமார் என்னை ஊருக்குக் கூட்டி வருகிறான். பூட்டிக் கிடக்கிற எங்கள் திருநகர் வீட்டைத் திறந்து கூட்டி வைக்க ஆள் சொல்லியிருக்கிறான். பித்தளைக் கிண்ணத்தைக் கொண்டுவருகிறேன்.

உங்கள்,
கனகம்


செக்கானூரணி
2 மார்ச் 2025

கருப்பு துணை.

என் கனகத்துக்கு, உன் மதினி எழுதிக்கொள்வது. இங்கே சுகம். அங்கே நீ பத்திரமாகக் கிளம்பு. விமானத்தில் குளிரும், கழுத்தைச் சுற்றித் துண்டு கட்டிக்கொள்.

திருநகர் வீட்டுக்கு நீ போக வேண்டாம். பெட்டியை இங்கேதான் இறக்க வேண்டும். சிவக்குமாரிடம் சொல்லிவிட்டேன். "அத்தை, அம்மா ஒத்துக்கணுமே" என்றான். "ஒங்கம்மாவுக்குத்தான் காது கேக்காதே, எதுக்குக் கேக்குற?" என்றேன். சிரித்துவிட்டான். நீயும் சிரி.

விமான நிலையத்துக்கு நானே வாரேன். அழகுபாண்டி கார் பிடிக்கிறான். அங்கே கம்பிக்கு இந்தப் பக்கம் நிற்பேன். கண்டாங்கிதான். தூரத்திலிருந்தே கை காட்டுவேன், தேடாதே.

என் பக்கத்தில் வந்ததும் வணக்கம் போடாதே, காலில் விழாதே. ஊர் பார்க்கிறது என்று வெட்கப்படாதே. குனிந்து தலையை நீட்டு. என் கிடாய் நீட்டுமே, அந்த மாதிரி. உன் அண்ணன் பந்தலில் நான் உனக்குத் தராமல் எழுந்து போனது ஒன்று இருக்கிறது. அதைத் தரத்தான் வாரேன். நெற்றியில் நெற்றி வைத்து, எலும்பு வழியாகச் சொல்லப்போகிறேன். ரேடியோ வேண்டாம்.

முதலில் என்ன சொல்வேன் என்று இப்போதே கேட்காதே. அதை இதில் எழுத மாட்டேன். எழுத்து பேச்சாகாது.

உன் மதினி,
ஒச்சாயி